காற்றுத்தடத்தில் 7.5% உந்தம் எங்கே போகிறது? (மீட்சி, மீட்சியற்ற மோதல் ஆய்வு)

தொடக்கப்புள்ளி:

11ஆம் வகுப்புக்கு உந்த மாறா விதியை ஏர் டிராக்கில் (ஓட்டைகள் வழியே வரும் காற்றில் வண்டி மிதந்து ஓடும் காற்றுத்தடம்) செய்து காட்ட வேண்டும். கணக்கு உதைக்கிறது. விவரம் முழுக்கப் போடுகிறேன்.

தடம் 2 மீட்டர், தாங்கும் கால்களுக்கு இடையே 1.5 மீட்டர். ரசமட்டம் வைத்துப் பார்த்தாயிற்று, குமிழி நடுவில்தான் நிற்கிறது. தடத்தில் ஓடும் வண்டி, அதாவது கிளைடர் ‘அ’ 200 கிராம். கிளைடர் ‘ஆ’ 300 கிராம், ஓய்வில். இரண்டின் தலையிலும் 5 செ.மீ. அகல அட்டை. முதல் ஃபோட்டோகேட் (அட்டை ஒளிக்கற்றையை மறைக்கும் நேரத்தை வைத்து வேகம் சொல்லும் கருவி) மோதும் இடத்துக்கு 10 செ.மீ. முன்னால், இரண்டாவது மோதும் இடத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி. தூரமெல்லாம் அந்தந்த கிளைடரின் அட்டை நடுவை வைத்து அளந்தது.

ஊசியும் பிளாஸ்டிசின் களிமண்ணும் வைத்து ஒட்டவிட்டபோது (மீட்சியற்ற மோதல்): ‘அ’ 0.500 மீ/வி வந்தது, ஒட்டிய ஜோடி 0.185 மீ/வி போனது. உந்தம் (நிறை × திசைவேகம்) 0.1000இலிருந்து 0.0925 கிகி மீ/வி. 7.5% காணோம்.

ரப்பர் பேண்ட் வைத்தபோது (மீட்சி மோதல்): ‘அ’ 0.500 மீ/வி வந்தது. பிறகு ‘ஆ’ 0.371, ‘அ’ 0.082. கூட்டினால் 0.1277. அதாவது 28% கூடுதல்!

ஒன்றில் குறைகிறது, ஒன்றில் கூடுகிறது. கேட் பழுதா?

மைய_நிறை:

கேட் நன்றாகத்தான் இருக்கிறது. ரப்பர் கணக்கில் குறியை விட்டுவிட்டீர்கள். லேசான கிளைடர் கனமானதை இடித்தால் திரும்பி வரும். ஃபோட்டோகேட்டுக்குத் திசை தெரியாது, அது வேகத்தை மட்டும் சொல்லும். திசைவேகமாக மாற்றுவது நம் வேலை. ‘அ’வுக்கு −0.082 போடுங்கள்:

0.300 × 0.371 − 0.200 × 0.082 = 0.1113 − 0.0164 = 0.0949

இப்போது 28% கூடுதல் போய் 5.1% குறைவு. இரண்டு சோதனையும் ஒரே பக்கம் சாய்கின்றன. இனிமேல்தான் உண்மையான பிழையைத் தேட முடியும்.

திசையை மறப்பது சின்ன விஷயமில்லை. பிரெஞ்சு தத்துவவாதி தெக்கார்த் 1644இல் எழுதிய மோதல் விதிகளில் பெரும்பாலானவை தப்பாய்ப் போனதற்குக் காரணமே, இயக்க அளவைத் திசையில்லாமல் வெறும் அளவாக எடுத்ததுதான். 1668, 69இல் ஹைகன்ஸ், ரென், வாலிஸ் மூவரும் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தனித்தனியே அனுப்பிய விடைகளில்தான் அது சரியானது.

உராய்வு_எதிரி:

5%, 7% எல்லாம் பள்ளி ஆய்வகத்தில் சகஜம். காற்றுத்தடமே ஆனாலும் உராய்வு இருக்கத்தான் செய்யும். புற விசை இருந்தால் உந்தம் மாறும் என்று விதியே சொல்கிறதே. ‘சோதனைப் பிழைக்குள் விதி சரி’ என்று எழுதி முடித்துவிடலாம்.

ரசமட்டம்:

முடித்துவிடக் கூடாது. புற விசை இருக்கிறது என்றால் எவ்வளவு, எந்தப் பக்கம், எத்தனை நேரம் என்று கேட்க வேண்டும். மோதல் நடக்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்துக்குள் உராய்வோ சாய்வோ தரும் கணத்தாக்கு (விசை × நேரம்) ஒன்றுமே இல்லை. உந்தம் போவது மோதலில் அல்ல, மோதலுக்கும் கேட்டுக்கும் நடுவே. நீங்கள் அளப்பது மோதிய கணத்துத் திசைவேகம் இல்லை, 30 செ.மீ. கழித்து வரும் திசைவேகம்.

உங்கள் எண்களை வைத்தே பார்க்கலாம். கட்டிட வேலைக்கான ரசமட்டம் மீட்டருக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் சாய்வைக் கண்டுகொள்ளாது. ‘அ’ போகும் பக்கம் தடம் மீட்டருக்கு 0.9 மி.மீ. உயர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது முடுக்கம் 9.8 × 0.0009, ஏறத்தாழ 0.009 மீ/வி², பின்னோக்கி.

கேட் 1இல் 0.500. அடுத்த 10 செ.மீ.யில் 0.498 ஆகிறது. ஒட்டியபின் அதில் ஐந்தில் இரண்டு பங்கு, 0.199. அந்த ஜோடி மெதுவாக 30 செ.மீ. ஏறுகிறது: 0.199இன் வர்க்கம் 0.0396, அதிலிருந்து 2 × 0.009 × 0.30 = 0.0054 போக 0.0342, வர்க்கமூலம் 0.185.

நீங்கள் அளந்ததும் 0.185.

ஒரே எண் ஒத்துப்போனால் தற்செயல் என்பீர்கள். அதே 0.009ஐ ரப்பர் சோதனையில் போடுங்கள். ‘ஆ’ ஏறிக்கொண்டே கேட் 2க்கு வருகிறது; மோதிய உடனே அதன் வேகம் 0.371 இல்லை, 0.378. ‘அ’ இறங்கிக்கொண்டே கேட் 1க்குத் திரும்புகிறது. வழியில் வேகம் கூடுகிறது. மோதிய உடனே அது 0.082 இல்லை, 0.070. இப்போது:

முன்: 0.200 × 0.498 = 0.0996
பின்: 0.300 × 0.378 − 0.200 × 0.070 = 0.1134 − 0.0140 = 0.0994

0.2% வித்தியாசம். ஒரே சாய்வு இரண்டு சோதனையின் குறையையும் விளக்குகிறது. வெறும் உராய்வு என்றால் திரும்பி வரும் ‘அ’வும் வேகம் குறைந்திருக்க வேண்டும், அப்போது இந்தக் கணக்கு இவ்வளவு சரியாக மூடாது.

ஒட்டும் மோதலில் குறை அதிகமாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். மெதுவாகப் போகிற வண்டி அதே 30 செ.மீ.யைக் கடக்க ஒன்றரை விநாடிக்கு மேல் எடுக்கிறது. சாய்வுக்கு அவ்வளவு நேரம் கிடைக்கிறது.

தொடக்கப்புள்ளி:

ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் 0.9 மி.மீ. என்பதை விடைக்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுத்ததுதானே? சாய்வைத் தனியாக அளக்க வழி உண்டா?

ரசமட்டம்:

நியாயமான கேள்வி. ஆம், பொருந்தும்படி எடுத்ததுதான். தனியாக அளக்காமல் அந்த எண்ணை ஆய்வேட்டில் எழுதாதீர்கள்.

சுலபமான வழி: காற்றை ஓடவிட்டு ஒரே ஒரு கிளைடரைத் தடத்தின் நடுவில் அசையாமல் வைத்துக் கையை எடுங்கள். 0.009 மீ/வி² என்றால் 5 விநாடியில் 11 செ.மீ. நகர்ந்திருக்கும். இடது, நடு, வலது மூன்று இடத்திலும் பாருங்கள். ஓட்டை அடைத்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் கிளைடர் விசித்திரமாக இழுபடும். மூன்று இடத்திலும் ஒரே பக்கம் போனால் சாய்வு. நடுவை நோக்கியே வந்தால் தடம் தொய்ந்திருக்கிறது, அதைக் கால் திருகால் சரிசெய்ய முடியாது.

துல்லியமான வழி: இரண்டு கேட்டையும் சரியாக 1 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். ஒற்றைக் கிளைடரை ஒருமுறை இடமிருந்து வலம், ஒருமுறை வலமிருந்து இடம் அனுப்புங்கள். இரு கேட்டிலும் வந்த வேகங்களின் வர்க்க வித்தியாசத்தை 2 மீட்டரால் வகுத்தால் முடுக்கம். சாய்வு இருந்தால் ஒரு பக்கம் வேகம் கூடும், மறுபக்கம் குறையும். காற்றின் இழுவை இரு பக்கமும் குறைக்கத்தான் செய்யும். ஆகவே இரண்டு முடுக்கங்களின் வித்தியாசத்தில் பாதி சாய்வு, கூட்டலில் பாதி இழுவை. உங்கள் தடத்தில் நான் சொன்ன சாய்வு உண்மையானால், 0.300இல் ஏறும் கிளைடர் 0.268இல் வெளியே வரும், 0.300இல் இறங்குவது 0.329இல் வரும். இழுவை இதில் கொஞ்சம் கடித்துக்கொள்ளும்.

சரிசெய்ய: கால் இடைவெளி 1.5 மீட்டர், ஆக உயர வித்தியாசம் 1.35 மி.மீ. சாதாரண ஏ4 தாள் ஒன்று 0.1 மி.மீ. கனம். தாழ்ந்த காலுக்கு அடியில் 13, 14 தாள் மடிக்காமல் வைக்கலாம். திருகு தேய்ந்துபோன தடங்களில் தாள்தான் திருகைவிட நம்பகம்.

வெர்னியர்:

சாய்வு முடிந்ததும் அட்டையைப் பாருங்கள். 5 செ.மீ. என்று ஸ்கேலில் அளந்தது கேட்டுக்கு 5 செ.மீ. இல்லை. ஒளிக்கற்றைக்கும் ஒரு தடிமன் உண்டு, உணரி எந்த அளவு மறைந்தால் ‘மறைந்தது’ என்று எண்ணும் என்பதும் கேட்டுக்குக் கேட் மாறும். கிளைடரைக் கையால் மெல்லத் தள்ளி, கேட்டின் எல்.இ.டி. எரியும் இடத்தையும் அணையும் இடத்தையும் தடத்தின் அளவுகோலில் குறியுங்கள். அந்த வித்தியாசம்தான் அட்டையின் பயனுறு அகலம். அது 4.8 என்று வந்தால் எல்லா வேகமும் 4% அதிகமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இரண்டு அட்டையும் இரண்டு கேட்டும் ஒரே மாதிரி தவறினால் விகிதத்தில் அடிபட்டுப் போகும். ஒன்று 4.8, மற்றொன்று 5.0 என்றால் போகாது, உந்தம் 4% ‘கூடும்’ அல்லது ‘குறையும்’. அட்டை சற்றே கோணலாக நின்றாலும் இதே கதைதான். அட்டைகளை மாற்றி மாட்டி ஒருமுறை செய்து பாருங்கள். பிழை குறி மாறினால் குற்றவாளி அட்டை.

இன்னும் இரண்டு. டைமர் ஒரு மில்லி விநாடிவரைதான் காட்டும் என்றால் 0.100 விநாடியில் அதுவே 1%. அதோடு, எடையை ஊசி, பிளாஸ்டிசின், ரப்பர் தாங்கி, அட்டை எல்லாம் மாட்டிய பிறகு போடுங்கள். கிளைடரின் மேல் அச்சடித்த எடையை நம்பி 8 கிராம் தாங்கியை மறந்தால் அங்கேயே 4% போச்சு.

தொடக்கப்புள்ளி:

எடை எல்லாம் மாட்டிய பிறகு போட்டதுதான். ரப்பருக்குப் பதில் காந்தம் வைத்தால் மீட்சி மோதல் இன்னும் சுத்தமாக வராதா?

வெர்னியர்:

வரும், ஆனால் கேட்டைத் தள்ள வேண்டியிருக்கும். காந்தங்கள் தொடாமலே தள்ள ஆரம்பிக்கும். கேட்டுக்குள் அட்டை இருக்கும்போதே எதிர்க்காந்தம் தள்ளினால் நீங்கள் அளப்பது மோதலுக்கு முந்தைய வேகமில்லை, மோதலின் நடுவே உள்ள வேகம். விதி எளிது: அட்டையின் பின் விளிம்பு கேட்டை விட்டு வெளியேறிய பிறகுதான் மோதல் தொடங்க வேண்டும். உங்கள் அமைப்பில் அட்டை வெளியேறிய பின் ரப்பர் தொடும்வரை 7.5 செ.மீ. இருக்கிறது, போதும். காந்தத்துக்குப் போதுமா என்பதைக் கிளைடரைக் கையில் பிடித்து நெருக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரு காந்தமும் ஒரே உயரத்தில், நேருக்கு நேர் இருக்க வேண்டும். கொஞ்சம் தப்பினால் கிளைடர் மூக்கைத் தூக்கித் தடத்தில் உரசும்.

கோணல்_கேள்வி:

புத்தகத்தில் முழு மீட்சியற்ற மோதலில் இயக்க ஆற்றல் முழுவதும் இழக்கப்படும் என்று படித்த நினைவு. மேலே உள்ள எண்களில் 0.0250 ஜூலிலிருந்து 0.0086 மிச்சம் இருக்கிறதே. அப்படியானால் இது முழு மீட்சியற்ற மோதல் இல்லையா?

மைய_நிறை:

முழு மீட்சியற்றதுதான். ‘முழுவதும் இழப்பு’ என்பது தவறான வாசகம். உந்தம் மாறக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குள் எவ்வளவு அதிகம் இழக்க முடியுமோ அவ்வளவு இழக்கும் என்பதே சரி.

நிறை மையத்தின் இயக்கத்தோடு சேர்ந்த ஆற்றலை எந்த மோதலாலும் தொட முடியாது, ஏனென்றால் மொத்த உந்தம் மாறாது. இழக்கக்கூடியது ஒன்றை ஒன்று நெருங்கும் சார்பு இயக்கத்தின் ஆற்றல் மட்டும். ஓய்வில் இருப்பதை ஒன்று இடித்தால், மொத்தத்தில் அந்தப் பங்கு இடிபட்டதன் நிறை ÷ மொத்த நிறை. இங்கே 300/500, அதாவது 60%. அந்த 60%இல் மறைவது எவ்வளவு என்பதை மீட்சிக்குணகம் (மோதியபின் விலகும் வேகம் ÷ மோதுமுன் நெருங்கிய வேகம்) முடிவு செய்யும்: ஒன்றிலிருந்து குணகத்தின் வர்க்கத்தைக் கழித்த பங்கு.

ஒட்டும் மோதலுக்குக் குணகம் 0; ஆகவே 60% போகும், 40% நிற்கும். அளவீட்டில் 34% வந்தது, மீதி 6% சாய்வு தின்றது. ரப்பர் மோதலில் திருத்திய எண்களை வைத்துக் குணகம் (0.378 + 0.070) ÷ 0.498 = 0.90. ஆகவே இழப்பு 0.6 × (1 − 0.81) = 11.4%. நேரடியாக ஆற்றலைக் கணக்கிட்டால் 0.0248 ஜூலிலிருந்து 0.0219, ஏறத்தாழ 88% மிச்சம். ஒத்துப்போகிறது.

இதை மாணவர்களுக்கு இப்படிக் காட்டுவது நல்லது: உந்த வரிசையில் வித்தியாசம் வெறும் 0.2%, அதே மோதலில் ஆற்றல் 11% மறைந்தது. முதலாவது விதி, இரண்டாவது ரப்பரின் குணம். 84 சதவீதம் வந்தாலும் 95 வந்தாலும் ஆற்றல் கணக்கில் ‘பிழை’ என்று எழுதக் கூடாது.

உராய்வு_எதிரி:

ஒத்துக்கொள்கிறேன், சாய்வு கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் எல்லாப் பள்ளியிலும் ஏர் டிராக் ஏது? கோலிகுண்டும் மரப்பள்ளமும் வைத்துத்தான் செய்ய முடியும். அங்கே மீட்சிக்குணகம் 0.43 என்றெல்லாம் வருகிறது. கண்ணாடிக் கோலிக்கு அவ்வளவு மோசமாக வருமா?

உருளும்_கோலி:

கண்ணாடிக்கு அவ்வளவு மோசமாக வராது. 0.43 என்பது ஏழில் மூன்று. அந்த எண்ணைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

உருண்டு வரும் கோலிக்கு இரண்டு இயக்கம்: முன்னே போவதும், சுழல்வதும். நேருக்கு நேர் இடிக்கும்போது முன்னியக்கம் மட்டும் மாறுகிறது. வழவழப்பான கோலிகளில் சுழற்சி கைமாறுவதில்லை. மீட்சி முழுமையாக இருந்தால், இடித்த கணத்தில் முதல் கோலி ஓரிடத்தில் நின்று சுழல்கிறது. இரண்டாவது சுழலாமல் வழுக்கி ஓடுகிறது. பிறகு தரை வேலையைத் தொடங்குகிறது. நின்று சுழலும் கோலியைத் தரை முன்னே தள்ளி, பழைய வேகத்தில் 2/7க்குக் கொண்டுவரும். வழுக்கும் கோலியைப் பின்னே இழுத்து 5/7க்கு இறக்கும். அதன்பின் இரண்டும் உருளும்.

கொஞ்சம் தள்ளி அளந்தால் 5/7ம் 2/7ம்தான் கிடைக்கும். வித்தியாசம் 3/7. அதுதான் உங்கள் 0.43. கோலி ஒரு பாவமும் அறியாது.

இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால் 5/7 + 2/7 = 1. உந்தம் ‘சரியாக’ வந்துவிடும்! தரை முதல் கோலிக்குக் கொடுத்த கணத்தாக்கும் இரண்டாவதிடமிருந்து எடுத்ததும் சமம், எதிர்த்திசை. அதனால் உந்த வரிசை சரி, ஆற்றல் வரிசையில் 29/49, அதாவது 59% மட்டும் தெரியும். பார்ப்பவர் மோதல் மோசமான மீட்சியற்றது என்று எழுதிவிடுவார்.

தப்பிக்க ஒரு வழி உண்டு: மோதலைத் தரையில் நடத்தாதீர்கள். சரிவுப் பள்ளத்தின் கீழ் முனை கிடையாக முடிந்து மேசை விளிம்போடு நிற்கட்டும். இலக்குக் கோலியை முனைக்கு வெளியே, ஒரு விட்டத் தூரத்தில், குழிவான தலை கொண்ட திருகின் மேல் அதே உயரத்தில் நிறுத்துங்கள். மோதியதும் இரண்டும் நேராகக் காற்றில் விழும். சுழற்சி உருளலாக மாறத் தரையே கிடையாது. கீழே வெள்ளைத்தாள், அதன்மேல் கார்பன் தாள், மை பக்கம் கீழே. விழும் நேரம் எல்லாவற்றுக்கும் ஒன்று, ஆகவே கிடைத்தூரமே திசைவேகம், கடிகாரமே வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை: இடிக்கும் கோலி இலக்கைவிடக் கனமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் திரும்பிப் பள்ளத்தில் ஏறி மறுபடி இறங்கும். இரண்டின் விட்டமும் ஒன்றாக இருக்கட்டும், அதாவது எஃகு குண்டும் கண்ணாடிக் கோலியும் ஒரே அளவில் தேடிப் பிடிக்க வேண்டும். இலக்கின் தூரத்தை அது நின்ற இடத்துக்கு நேர்கீழே இருந்து அளங்கள், முனையிலிருந்து அல்ல. நேர்கீழைத் தூக்குக்குண்டால் குறியுங்கள். ஒரே உயரத்தில் இருந்து பத்து முறை விட்டு, புள்ளிக் கூட்டத்தின் நடுவை எடுங்கள். பொட்டுகள் இரண்டு தனிக் கூட்டமாகப் பிரிந்தால் திருகு ஆடுகிறது என்று அர்த்தம்.

ஸ்ட்ரைக்கர்:

இரு பரிமாண மோதலுக்குக் கேரம் பலகையை விட்டால் வேறென்ன வேண்டும்? காய் 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம். ஆகவே மூன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். முழு மீட்சி என்று எடுத்தால், நேருக்கு நேர் அடிக்கும்போது ஸ்ட்ரைக்கர் பாதி வேகத்தில் தொடரும், காய் ஒன்றரை மடங்கில் பாயும்.

பக்கவாட்டில் அடித்தால் ஸ்ட்ரைக்கர் எவ்வளவு திரும்பும்? நிறை விகிதம் மூன்றில் ஒன்று, அந்த சைன் மதிப்புக்கான கோணம் 19.5 பாகை. எப்படி உரசி அடித்தாலும் தனியாகக் கிடக்கும் ஒரு காயால் ஸ்ட்ரைக்கரை அதற்கு மேல் திருப்ப முடியாது. குணகம் 0.8 என்றால் உச்சவரம்பு 17 பாகைக்கு இறங்கும். அதற்கு மேல் திரும்பியதாக வீடியோ காட்டினால், காய் இன்னொரு காயைத் தொட்டுக்கொண்டிருந்தது, அல்லது ஓரங்கள் உரசிச் சுழற்சி பிறந்தது.

சம நிறை என்றால் 90 பாகை என்று பாடத்தில் வரும். காயால் காயை அடித்துப் பார்த்தால் 90 வராது. குணகம் 0.8ஆக இருந்து, மையங்களை இணைக்கும் கோடு வந்த திசையோடு 30 பாகை சாய்ந்திருந்தால் பிரியும் கோணம் 80 பாகைதான். 45 பாகை சாய்ந்திருந்தால் 84. இது பிழையில்லை, அந்தக் கோணத்திலிருந்தே குணகத்தைக் கண்டுபிடிக்கலாம்.

எடுக்கும் முறை: கைபேசியை நேர் மேலே, பலகைக்கு இணையாக ஸ்டாண்டில் கட்டுங்கள். ஸ்லோ மோஷன் 240 ஃபிரேம். அலசுவதற்கு இலவச ‘டிராக்கர்’ மென்பொருள் போதும். இங்கே பெரும்பாலானவர்கள் விழும் குழி: கைபேசி அந்த வீடியோவை 30 ஃபிரேமாகச் சேமித்திருக்கும், மென்பொருளும் அதையே நம்பும், எல்லா வேகமும் எட்டில் ஒரு பங்காக வரும். உந்த விகிதத்தில் அது தெரியாது, ஆனால் உராய்வு முடுக்கம் 64இல் ஒரு பங்காக வந்து காட்டிக்கொடுக்கும். ஃபிரேம் விகிதத்தைக் கையால் போடுங்கள். அளவுகோலைப் பலகையின் மேல், காய் இருக்கும் அதே தளத்தில் வையுங்கள். நிறைய வெளிச்சம் கொடுங்கள், இல்லையேல் காய் கோடாக இழுபடும். காயின் நடுவில் ஒரு பொட்டு, ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தால் சுழற்சியும் தெரியும்.

உராய்வு_எதிரி:

கேரம் பலகையில் உராய்வு இருக்கிறதே. அங்கே உந்தம் மாறாது என்று எப்படிச் சொல்வது?

ஸ்ட்ரைக்கர்:

ரசமட்டம் சொன்ன அதே பதில். உராய்வுக்குணகம் 0.1, மோதும் நேரம் ஒரு மில்லி விநாடி, வேகம் 1 மீ/வி என்று வைத்தால், மோதலின்போது உராய்வு எடுக்கும் பங்கு 0.1 × 9.8 × 0.001 = ஆயிரத்தில் ஒன்று. ஆனால் அரை விநாடி கழித்து அளந்தால் பாதி வேகம் போயிருக்கும். ஆகவே மோதலுக்கு முந்தைய 8 ஃபிரேம், பிந்தைய 8 ஃபிரேம் எடுத்து, திசைவேகம்-நேர வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு மோதிய கணத்துக்கு நீட்டுங்கள். போரிக் பவுடர் சீராக இருந்தால் கோடு அழகாக விழும்; திட்டுத்திட்டாக இருந்தால் வளையும்.

ஊசல்:

பள்ளிக்கு இன்னும் மலிவானது நியூட்டனின் வழி. இரண்டு குண்டுகளை V வடிவ இரட்டை நூலில் தொங்கவிட்டு, ஒன்றை இழுத்து விடுவது. கீழ்ப்புள்ளி வேகம் இழுத்த வில்லின் நாணுக்கு நேர்விகிதம்; நூல் 1 மீட்டர் என்றால் 20 செ.மீ. நாணுக்கு 0.63 மீ/வி. கடிகாரம் வேண்டாம், ஸ்கேல் போதும். இரட்டை நூல் கட்டாயம், ஒற்றை நூலில் குண்டு பக்கவாட்டில் அலையும். தொங்கும் நிலையில் குண்டுகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும்; அழுத்திக்கொண்டு நின்றால் மோதல் கீழ்ப்புள்ளிக்கு முன்பே நடந்துவிடும்.

1687இல் வெளிவந்த தன் பிரின்சிபியா நூலில் நியூட்டன் பத்தடி ஊசல்களைக் கொண்டு இதைச் செய்ததாக எழுதியிருக்கிறார். மெத்தென்ற பொருள், கடினமான பொருள் எதை மோதவிட்டாலும் உந்தக் கணக்கு மூன்று அங்குலப் பிழைக்குள் நின்றது. திரும்பும் வேகத்தின் விகிதம் மட்டும் பொருளுக்குப் பொருள் மாறியது: இறுக்கிச் சுற்றிய கம்பளி உருண்டைக்கு 5/9, எஃகுக்கும் கிட்டத்தட்ட அதே, தக்கைக்குச் சற்றுக் குறைவு, கண்ணாடிக்கு 15/16. காற்றுத் தடையை அவர் கழித்த விதம்தான் பார்க்க வேண்டியது: மோதாமல் ஊசலைத் தனியே ஆடவிட்டு, வீச்சு எவ்வளவு குறைகிறது என்று அளந்து, அதில் உரிய பங்கைத் தொடக்க உயரத்தில் சேர்த்தார். ஒற்றைக் கிளைடரை இரு பக்கமும் ஓட்டிப் பார்ப்பது அதன் பேரன்.

நியூட்ரான்:

ஒரு கிளை. பார்க்கவே முடியாத ஒன்றின் எடையை இதே இரண்டு சமன்பாடுகளால்தான் போட்டார்கள். 1932இல் ஆங்கிலேய இயற்பியலாளர் சாட்விக், அறியாத துகள் ஒன்று ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் இடித்தபோது அவை பின்வாங்கும் உச்சவேகங்களை ஒப்பிட்டார்: விநாடிக்கு 3.3 × 10⁹ செ.மீ., 4.7 × 10⁸ செ.மீ. மீட்சி மோதலில் இடிபடுவதன் வேகம், வந்த வேகத்தின் இருமடங்கை இடிப்பதன் நிறையால் பெருக்கி மொத்த நிறையால் வகுத்தது. இரண்டையும் வகுத்தால் வந்த வேகம் அடிபட்டுப் போகும்: (நிறை + 14) ÷ (நிறை + 1) = 7.02. தீர்த்தால் 1.16. புரோட்டானுக்குக் கிட்டத்தட்டச் சமம். அதுதான் நியூட்ரான்.

அதே கணக்கு கல்பாக்கம் அணு உலைகளில் தினமும் நடக்கிறது. நேர் மோதலில் நியூட்ரான் தரும் ஆற்றல் பங்கு டியூட்டீரியத்துக்கு (கனநீரில் உள்ள கன ஹைட்ரஜன்) 89%, கார்பனுக்கு 28%, சோடியத்துக்கு 16%. நியூட்ரானை மெதுவாக்க வேண்டிய சென்னை அணுமின் நிலைய உலைகளில் கனநீர். வேகம் குறையக் கூடாத வேக ஈனுலையில் திரவ சோடியம். ஹைட்ரஜன் 100% வாங்கும், ஆனால் நியூட்ரானையே விழுங்கிவிடும் குணம் அதற்கு அதிகம். இயற்கை யுரேனியம் வைத்த உலைக்கு அது ஒத்துவராது.

தொடக்கப்புள்ளி:

எல்லோருக்கும் நன்றி. ஒற்றைக் கிளைடரை இரு பக்கமும் ஓட்டியதில் சாய்வு 0.0085 மீ/வி², இழுவை 0.001க்கும் கீழே. தாழ்ந்த கால் ‘அ’ புறப்படும் பக்கம்தான். 13 தாள் வைத்தபின்:

ஒட்டும் மோதல்: 0.512 → 0.203. உந்தம் 0.1024 → 0.1015.
ரப்பர்: ‘அ’ 0.498, பின் ‘ஆ’ 0.377, ‘அ’ −0.067. உந்தம் 0.0996 → 0.0997. குணகம் 0.89.

கேட் 2ஐ 15 செ.மீ.க்கு நகர்த்தலாமா?

ரசமட்டம்:

நகர்த்துங்கள், ஒட்டும் மோதலில் மிச்சமிருக்கும் 0.9% இன்னும் சுருங்கும். ஆனால் ஒட்டியபின் ‘ஆ’வின் அட்டையை அடுத்து ‘அ’வின் அட்டையும் அதே கேட்டைக் கடக்கும், டைமர் கடைசி அளவைக் காட்டும் வகை என்றால் நீங்கள் எழுதுவது யாருடைய வேகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘அ’ வந்ததும் அதன் அட்டையைக் கழற்ற முடியாது, அதனால் நினைவகத்தில் இரண்டு நேரத்தையும் சேமிக்கும் நிலையில் வையுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் ஊசி நன்றாகப் பிடித்திருக்கிறது. இரண்டாவது நேரம் நீண்டுகொண்டே போனால், 13 தாளுக்குப் பிறகும் இன்னொரு தாள் வேண்டும்.